முதுமையும் தொண்டும்

மனித வாழ்வை இளமை, நடுப்பருவம், முதுமை என மூன்றாகப் பகுத்துக் கூறுவர். இளமையில் கற்கிறோம், நடுப்பருவத்தில் உழைக்கிறோம், முதுமையில் ஓய்வு பெறுகிறோம். கற்றல் இன்னது, உழைத்தல் இன்னது என்பதை யாவரும் அறிவர். ஓய்வு என்பது யாது? கைகட்டிச் சும்மா இருத்தலே ஓய்வு என்று பலரும் எண்ணுகின்றனர். முதியோருக்கு உணவும் உறையுளும் மருந்தும் தந்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்றும் கருதுகின்றனர். இவ்விரு கருத்துகளும் முழு உண்மை ஆகா. உதவி பெறுவதினும் பிறர்க்கு உதவி செய்வதே முதியோரின் உள்ளத்தைத் தழைக்கச் செய்யும் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், கருநாடக மாநிலத்தை ஒட்டி ஓசூர் நகரம் அமைந்துள்ளது. பெங்களூருக்கும் அதற்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீட்டரே ஆகும். தருமபுரி மாவட்டத்தினின்று 2004-ஆம் ஆண்டில் பிரிக்கப்பெற்ற கிருட்டினகிரி மாவட்டத்தைச் சேர்ந்த இந்நகரம், 2019-இல் மாநகராட்சியாக உயர்ந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் இதன் தெருக்களில் ஒருங்கே ஒலிக்கும். கேழ்வரகு விளைந்த மேட்டுநிலங்களின் நடுவே, 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிற்று. மோட்டார் வண்டிகளும் கைக்கடிகாரங்களும் பொறியுறுப்புகளும் செய்யும் ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் இளைஞர்கள் வேலை தேடி இங்கு வந்து குடியேறினர்.

1985-ஆம் ஆண்டில் 22 வயது இளைஞராக ஆலைக்குள் நுழைந்த ஒருவர், 2023-ஆம் ஆண்டில் 60 வயதை எய்தினார். ஆகவே, ஓசூரைத் தொழில் நகரமாக ஆக்கிய முதல் தலைமுறைத் தொழிலாளர் இன்று முதியோராகிவிட்டனர். அவர்கள் பிறந்த ஊர் வேறு. உழைத்த ஊர் வேறு. பிள்ளைகள் பலர் பெங்களூருக்கும் அதற்கு அப்பாலும் சென்றுவிட்டனர். இந்நகரின் குடியிருப்புகளில் பகற்பொழுதில் நடந்து செல்வோர், திண்ணைகளில் தனித்து அமர்ந்திருக்கும் முதியோர் பலரைக் காண்பர்.

நானும் அம்முதியோருள் ஒருவன். 35 ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றேன். என் அண்டை வீட்டார் ஓர் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சேமநல நிதியும் பணிக்கொடையும் கிடைத்தன. சொந்த வீடும் உண்டு. அன்புள்ள மகனும் மருமகளும் உண்டு. ஆயினும் அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. முதல் ஷிப்டுக்குச் சென்று பழகியவராதலின், விடியற்காலை நாலரை மணிக்கே விழித்துக்கொள்வார். விழித்த பின் அவர் செய்வதற்கு ஒன்றும் இராது. தெருமுனையில் ஆலைப் பேருந்து வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்படுவதைத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அவர் என்னிடம், “வாத்தியாரையா, எனக்கு வேண்டியவை எல்லாம் வீட்டில் கிடைக்கின்றன. ஆனால் நான் யாருக்கும் வேண்டியவனாக இல்லை” என்றார். அவர் சொற்களை நான் நெடுநாள் எண்ணிப் பார்த்தேன். என் மனநிலையும் அப்போது அதுவாகவே இருந்தது.

இத்துன்பம் நம் முன்னோர்க்கு இவ்வளவு கூர்மையாக இருந்ததில்லை. அதன் காரணத்தை அறிதல் வேண்டும். உழவர் குடியில் ஓய்வு பெறும் நாள் என்று ஒன்று குறிக்கப்படுவதில்லை. ஏர் பிடிக்கும் வலிமை குன்றியவர் விதை தேர்ந்து கொடுப்பார், அதுவும் இயலாதபோது களத்தில் காவல் இருப்பார், புளி உரிப்பார், பேரக் குழந்தைகளுக்குக் கதை சொல்லுவார், ஊர் வழக்குகளில் நடுவு கூறுவார். வலிமை குறையக் குறைய வேலை எளிதாயிற்றேயன்றி, ஒரே நாளில் அற்றுப் போகவில்லை. ஆலைத் தொழிலோ அத்தகையதன்று. ஒருநாள் மாலை சங்கு ஊதுவதோடு வேலை முழுதும் முடிந்துவிடுகிறது. நேற்று வரை நுட்பமான பொறிகளை இயக்கிய கைகள் இன்று வெறுங்கைகள் ஆகின்றன. ஊதியம் நிற்பதோடு, தோழர் கூட்டமும் நாளின் ஒழுங்கும் ‘நம்மால் ஒன்று ஆகும்’ என்னும் பெருமிதமும் ஒருங்கே நீங்குகின்றன.

சங்கப் புலவராகிய பிசிராந்தையாரின் பாடல் ஒன்று புறநானூற்றில் உளது. ஆண்டு பல கடந்தும் அவருக்கு நரை தோன்றாமைக்குக் காரணம் யாது எனச் சிலர் வினவினராம். அவர் மருந்து எதனையும் கூறவில்லை. தம் இல்லத்தாரின் மாண்பையும், அரசனின் செம்மையையும், தம் ஊரில் வாழும் சான்றோரின் பெருமையையும் காரணமாகக் காட்டினார். முதுமையின் நலம் உடம்பிற்குள் மட்டும் இல்லை. நம்மைச் சூழ்ந்துள்ள மக்களோடு நாம் கொண்டுள்ள தொடர்பிலும் உளது என்பதே இதனால் நாம் பெறும் கருத்தாகும்.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் 1878-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் பிறந்தவர் இராசாசி. அவர் பிறந்த இல்லம் இன்று நினைவில்லமாகப் போற்றப்படுகிறது. இந்தியாவின் தலைமை ஆளுநராகவும் சென்னை மாநில முதலமைச்சராகவும் விளங்கிய அவர், 1954-இல் முதலமைச்சர் பொறுப்பிலிருந்து நீங்கியபோது 75 வயதைக் கடந்திருந்தார். இனி ஓய்ந்திருக்கலாம் என அவர் எண்ணவில்லை. எழுத்துப் பணியைத் தொடர்ந்தார். ‘சக்கரவர்த்தித் திருமகன்’ என்னும் அவரது நூல் 1958-இல் சாகித்திய அக்காதெமிப் பரிசைப் பெற்றது. 1962-ஆம் ஆண்டில், தம் 83-ஆம் வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக் குழுவிற்குத் தலைமை பூண்டு வாசிங்டன் நகருக்குச் சென்றார். அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்த வேண்டும் என்று குடியரசுத் தலைவர் கென்னடியிடம் நேரில் எடுத்துரைத்தார். அவருடைய அரசியற் கொள்கைகளை ஏற்றோரும் உண்டு, மறுத்தோரும் உண்டு. எனினும், பதவி நீங்கிய பின்னும் உலக நலத்தைத் தம் கடமையாகக் கொண்ட அம்முதியவரின் ஊக்கத்தை வியவாதார் இலர். 1972-ஆம் ஆண்டில் அவர் மறையும்போது வயது 94.

மதுரையில் வாழ்ந்த கண் மருத்துவர் கோ. வெங்கடசாமியின் வரலாறும் இத்தகையதே. இளமையிலேயே முடக்குவாத நோய் அவர் கைவிரல்களை வளைத்து முறுக்கிவிட்டது. அவ்விரல்களைக் கொண்டே அறுவை செய்யப் பழகி, அரசுப் பணியில் பல்லாயிரவர்க்குக் கண்ணொளி அளித்தார். 1976-ஆம் ஆண்டில் 58 வயது நிறைந்து ஓய்வு பெற்றதும், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஏழைகளின் பார்வையின்மையைப் போக்குவதே அதன் நோக்கம். ஓய்வு பெற்ற ஒருவர் தொடங்கிய அச்சிறு மருத்துவமனை, பின்னர் உலகம் வியக்கும் பெருநிறுவனமாக வளர்ந்தது. 2006-இல் தம் 87-ஆம் வயதில் மறையும் வரை அவர் உள்ளம் அத்தொண்டிலேயே தோய்ந்திருந்தது.

மாணவர்களே, இங்கு ஓர் ஐயம் எழும். “இவர்கள் தொண்டு செய்தமையால் நலமாக இருந்தார்களா? நலமாக இருந்தமையால் தொண்டு செய்தார்களா?” என்று நீங்கள் வினவலாம். இது மிக நல்ல வினா. நடக்க இயலாதவர் பொதுப்பணிக்கு வருதல் அரிது. வலிமை உடையவரே பெரும்பாலும் வருவர். ஆகவே, தொண்டு செய்வோர் நெடுநாள் வாழ்வதைக் கண்ட அளவிலேயே தொண்டுதான் காரணம் என முடிவு செய்தல் கூடாது. சான்றோர் சிலரின் வரலாற்றைக் கொண்டு பொதுவிதி வகுத்தலும் பொருந்தாது. அறிஞர்கள் இவ்வையத்தைத் தீர்க்க முயன்ற முறையைக் காண்போம்.

அமெரிக்காவில் தெத்ராய்த்து நகரைச் சார்ந்த பகுதியில் வாழ்ந்த முதிய தம்பதியர் 423 இணையரின் வாழ்வை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, அதன் முடிவை ஸ்டெபானி பிரவுன் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 2003-இல் வெளியிட்டனர். அவர்கள் இரண்டு வினாக்களைத் தனித்தனியே ஆராய்ந்தனர். உதவி பெறுவோர் நெடிது வாழ்கின்றனரா? உதவி செய்வோர் நெடிது வாழ்கின்றனரா? முன்னரே இருந்த உடல்நலம் முதலியவற்றைக் கணக்கில் கொண்டு நோக்கியபோது, உற்றார்க்கும் அண்டை வீட்டார்க்கும் நண்பர்க்கும் உதவியோரிடையே இறப்புக் குறைந்து காணப்பட்டது. உதவி பெற்றமையால் மட்டும் அத்தகைய நன்மை விளையவில்லை. என் அண்டை வீட்டார் கூறிய சொற்கள் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கன.

பால்டிமோர் நகரில் இன்னும் தெளிவான சோதனை நடைபெற்றது. ‘எக்ஸ்பீரியன்ஸ் கோர்’, அதாவது பட்டறிவுப் படை, என்னும் திட்டத்தின்படி, 60 வயதைக் கடந்தோர் தொடக்கப் பள்ளிகளுக்கு வாரந்தோறும் 15 மணி நேரம் சென்று, குழந்தைகளுக்குப் படிக்கக் கற்பித்தும் நூலகத்தைப் பேணியும் உதவினர். பண்டை நாளில் உத்திரமேரூரில் குடவோலை முறையால் ஊரவைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர் என வரலாற்றில் கற்றிருப்பீர்கள். அதுபோலவே, சோதனைக்கு முன்வந்த முதியோரைச் சீட்டுக் குலுக்குவதைப் போன்ற முறையால் இரு குழுவினராகப் பிரித்தனர். ஒரு குழுவினர் பள்ளிக்குச் சென்றனர். மற்றக் குழுவினர் செல்லவில்லை. இவ்வாறு பிரிப்பதால், வலியோர் எல்லாம் ஒரு பக்கமும் மெலியோர் எல்லாம் மறுபக்கமும் சேர்ந்துவிடும் குறை நீங்கும். பின்னர்த் தோன்றும் வேறுபாட்டிற்குத் தொண்டே காரணம் என ஓரளவு துணிந்து கூற இயலும்.

முதலில் 128 பேரைக் கொண்டு செய்த சோதனையின் முடிவு 2004-இல் வெளிவந்தது. பள்ளிக்குச் சென்றோர் முன்னினும் மிகுதியாக இயங்கினர். தொலைக்காட்சியின் முன் அமரும் நேரம் அவர்களுக்குக் குறைந்தது. இடர் வந்தால் உதவி கேட்கத்தக்க மக்களின் எண்ணிக்கை பெருகிற்று. பின்னர் 702 பேரைக் கொண்டு பெரிய சோதனை நடைபெற்றது. அவர்களுள் ஒரு பகுதியினரின் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்தனர். வயது ஏற ஏற, நினைவாற்றலுக்குத் துணைநிற்கும் மூளைப்பகுதி சுருங்குதல் இயல்பு. இரண்டு ஆண்டுகள் தொண்டு செய்த ஆடவரிடம் அப்பகுதி சுருங்காமல் சிறிது வளர்ந்தே காணப்பட்டது. பெண்டிரிடம் அவ்வளர்ச்சி அதனினும் சிறிதாக இருந்தது. தொண்டு செய்யாத குழுவினரிடம் சுருக்கமே தோன்றிற்று.

தொண்டு எவ்வாறு இந்நன்மையைச் செய்கிறது? மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, உடல் இயக்கம். பள்ளிக்கோ நூலகத்திற்கோ செல்பவர் குளித்து, உடுத்து, நடந்து, படியேறிச் செல்கிறார். உடற்பயிற்சி என்று பெயர் சூட்டினால் மறுப்பவரும், ஒரு குழந்தை காத்திருக்கிறது என்றால் எழுந்து நடப்பார். இரண்டாவது, மூளையின் உழைப்பு. குழந்தையின் வினாவிற்கு விடை தேடுவதும், புதியோர் பெயரை நினைவில் வைப்பதும் அறிவைத் துருப்பிடியாமல் காக்கின்றன. மூன்றாவது, மக்கள் தொடர்பும் வாழ்வின் குறிக்கோளும். நாளை நம்மை எதிர்பார்ப்பார் ஒருவர் உளர் என்னும் எண்ணம், இன்றைய நோவைப் பொறுக்கச் செய்கிறது.

இனி, தொண்டின் எல்லையையும் அறிந்துகொள்ளல் வேண்டும். அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த ஏறத்தாழ 13,000 பேரை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட முடிவு இதனை விளக்கும். ஆண்டிற்கு 100 மணி நேரமேனும் தொண்டு செய்தோரிடம் இறப்பும் உடல் தளர்ச்சியும் குறைவாக இருந்தன. நம்பிக்கையும் வாழ்வில் பிடிப்பும் மிகுதியாக இருந்தன. எனினும், நாட்பட்ட நோய்கள் பலவற்றில் அத்தகைய வேறுபாடு தோன்றவில்லை. ஆகவே, தொண்டு மருத்துவத்திற்கு மாற்று அன்று. மாத்திரையை நிறுத்திவிட்டுத் தொண்டு செய்தல் பேதைமை. ஆண்டிற்கு 100 மணி என்பது வாரத்திற்கு இரண்டு மணி நேரமே. அளவறிந்து செய்தாலே போதும். இயலாத அளவிற்குச் சுமந்தால் சோர்வே மிஞ்சும்.

செய்யும் நோக்கமும் கருதத்தக்கது. விசுகான்சின் மாநிலத்து முதியோரை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவு வியப்பைத் தருவது. பிறர் நலம் கருதித் தொண்டு செய்தோர், செய்யாதாரினும் நெடிது வாழ்ந்தனர். தம் நலம் கருதியே செய்தோர்க்கு அந்நன்மை கிட்டவில்லை. நெடுநாள் வாழ்வதற்காகவே தொண்டு செய்வேன் எனப் புறப்படுபவர் அப்பயனை இழத்தலும் கூடும்! பயன் கருதாமல் செய்வதற்கே பயன் உண்டு. ஊர்க்கு உதவி வாழ்தலை வள்ளுவப் பெருந்தகை ‘ஒப்புரவறிதல்’ என்னும் பெயரால் தனி அதிகாரமாக வகுத்தார். ‘அறிதல்’ என்று அவர் கூறியதன் நயம் உணரத்தக்கது. உதவுதல் கைப்பழக்கம் மட்டும் அன்று. அறிந்து செய்ய வேண்டிய அறம்.

மற்றொன்றையும் மறத்தல் ஆகாது. முதுமையிலும் கூலி வேலைக்குச் சென்றால்தான் உணவு என்னும் நிலையில் உள்ளோர் நம் நாட்டில் பலர். அவர்களிடம் சென்று ‘தொண்டு செய்யுங்கள்’ எனல் அறம் அன்று. அவர்களுக்குத் தொண்டு செய்வதே அறம். ஆதரவற்ற முதியோர்க்கு அரசு ஓய்வூதியம் அளிக்கிறது. பெற்றோரைப் பேணும் கடமையை வலியுறுத்தும் சட்டம் 2007-இல் இயற்றப்பெற்றது. இவை அடிப்படை. நம் பாட்டிமார் பலர்க்கோ ஓய்வு என்பதே இல்லை. அடுப்படி வேலை அவர்களை எந்நாளும் விட்டதில்லை. அவர்கள் தோள்மேல் இன்னொரு சுமையை ஏற்றாமல், வீட்டு வேலையில் பங்கு கொண்டு, நாலு பேரோடு கூடிப் பழகும் பொழுதை அவர்களுக்கு உண்டாக்குதலே நாம் செய்யத்தக்கது.

என் அண்டை வீட்டாரின் கதையை நிறைவு செய்வேன். அருகில் உள்ள பள்ளியின் தலைமையாசிரியர் ஒருநாள் அவரிடம் வந்து, “ஐயா, பள்ளியில் குழாய் ஒழுகுகிறது. வந்து பார்த்துத் தர இயலுமா?” என்று கேட்டார். அவர் மறுமொழி கூறுவதற்கு முன்னரே உள்ளே சென்று, தூசி படிந்திருந்த ஸ்பேனர் பெட்டியை எடுத்து வந்துவிட்டார். குழாய் அன்றே சீராயிற்று. அடுத்த வாரம் ஆடிய பெஞ்சுகள் நேராயின. பின்னர், திருகாணியை எப்பக்கம் திருப்பினால் இறுகும், எப்பக்கம் திருப்பினால் நெகிழும் என மாணவர்க்குக் காட்டலானார். அவரைக் கண்டு நானும் எழுந்தேன். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் சிலர்க்கு மாலைதோறும் தமிழ் படிக்கக் கற்பிக்கிறேன். ‘ழ’கரத்தை அவர்கள் நாவில் வருவிப்பதற்கு நான் படும் பாடு பெரிது, அது வந்துவிடும் நாளில் நான் பெறும் மகிழ்ச்சி அதனினும் பெரிது. நண்பரின் நீரிழிவு நோய் மறைந்துவிடவில்லை. என் முழங்கால் வலியும் நீங்கவில்லை. ஆயினும், ஆலைப் பேருந்து புறப்படுவதை அவர் இப்பொழுது வருத்தத்தோடு பார்ப்பதில்லை. அவரும் புறப்பட வேண்டியிருக்கிறது.

மாணவர்களே, அந்தத் தலைமையாசிரியர் செய்தது யாது என எண்ணிப் பாருங்கள். அவர் பொருள் கொடுக்கவில்லை, ஆறுதல் கூறவில்லை, உதவி கேட்டார். அக்கேள்வியே ஒரு முதியவருக்கு வாழ்வளித்தது. உங்கள் வீட்டிலும் தெருவிலும் முதியோர் இருப்பார்கள். அவருள் ஒருவர்க்குத் தையல் தெரியும்; ஒருவர்க்குக் கணக்குத் தெரியும்; ஒருவர்க்கு மா ஒட்டுக் கட்டத் தெரியும்; ஒருவர்க்கு நீங்கள் கேளாத கதைகள் நூறு தெரியும். அவர்கள் அருகில் சென்று அமருங்கள். “தாத்தா, இதைச் சொல்லித் தாருங்கள், பாட்டி, இதில் எனக்கு உதவுங்கள்” என்று கேளுங்கள். கேட்பதும் ஒரு தொண்டே. முதியோர்க்கு வேண்டியவற்றைக் கொடுப்பது நம் கடமை. அவர்கள் நமக்கு வேண்டியவர்கள் என்பதை உணர்த்துவது அதனினும் சிறந்த கடமை.